ஆளில்லாத கிரகத்தில் விருந்தாளித் தொல்லை

அந்நிய கிரகத்தில் மாட்டிக்கொண்டால் எப்படிப் பிழைப்பது என்பதில் எனக்குள்ள ஞானம் முழுக்க 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடர் போட்ட பிச்சை. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1965 செப்டம்பரில் தொடங்கி மூன்று சீசன், 83 எபிசோட் ஓடிய தொடர். நான் டிவிடி வாங்கிப் பார்த்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு விசாரணை நடத்தினாள்.

கதைப்படி பூமியில் ஜன நெருக்கடி. 20 லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்களைச் சலித்து ராபின்சன் குடும்பத்தைப் பொறுக்கியெடுத்து, 1997 அக்டோபர் 16 அன்று 'ஜூபிடர் 2' விண்கலத்தில் ஆல்ஃபா சென்டாரிக்கு அனுப்புகிறார்கள். கலத்தை நாசம் செய்ய உள்ளே நுழைந்த டாக்டர் ஸ்மித், வெளியே வருவதற்குள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கணக்கில் வராத அவருடைய உடல் எடையால் கலம் தடம் மாறி, எங்கேயோ போய் விழுகிறது. இந்தத் தொடரைப் பார்த்த பிறகு, கூடுதல் லக்கேஜுக்கு ஏர்போர்ட்டில் எவ்வளவு கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுகிறேன்.

விழுந்த இடம் பொட்டல் காடு. ஆனால் ராபின்சன் வீட்டம்மா அழுக்குத் துணியை மிஷினில் போட்டால் அது துவைத்து, உலர்த்தி, மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறது.

"இது ஒண்ணு இருந்தா நானும் எந்தக் கிரகத்துக்கும் வரத் தயார்ங்க" என்றாள் மனைவி. அடுத்த நிமிடமே, "அது சரி, அந்தம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"உயிர்வேதியியல்ல டாக்டர்."

"அப்புறம் ஏன் துணி போடுறதும் சாப்பாடு வைக்கிறதும் அவங்க தலையிலயே விழுது?"

நான் சவுண்டைக் கூட்டினேன்.

விஞ்ஞானம் இத்தோடு சரி. பேருக்குத்தான் ஆளில்லாத கிரகம். விண்வெளிக் கொள்ளைக்காரன், விண்வெளி வியாபாரி, ஒரு முழு சர்க்கஸ் கம்பெனி என்று வாரம் தவறாமல் யாராவது வந்து நிற்கிறார்கள். எங்கள் தெருவில்கூட இத்தனை பேர் காலிங்பெல் அடிப்பதில்லை. வந்தவர்களிடம் பெரும்பாலும் சொந்த வண்டி இருக்கும். ஆனால் இவர்கள் ஏறிப்போக முடியாதபடி ஏதாவது தடங்கல் வந்துவிடும். அநேகமாக அந்தத் தடங்கலின் பெயர் ஸ்மித்.

ஒரு எபிசோடில் பையன் வில், பொருளை இடம்மாற்றும் வேற்றுக்கிரக எந்திரம் ஒன்றின் தயவில் பூமிக்கே போய்ச் சேருகிறான். வெர்மான்ட் மாநிலத்து ஊர் ஒன்று, கிறிஸ்துமஸ் சமயம். அவன் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. சரி, போனவன் போனவனாகவே இருந்திருக்கலாம் அல்லவா? கார்பன் டெட்ராகுளோரைடு ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு பொறுப்பாகத் திரும்பிவிட்டான்! பிள்ளையை இப்படி வளர்த்ததற்காகவே அந்தத் தம்பதிக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

உச்சம் 1968 பிப்ரவரியில் வந்தது. ராபின்சன் குடும்பத்தோடு இருக்கும் ரோபோவுக்குப் பிறந்தநாள். பரிசாகப் பூப்பறிக்க ஸ்மித் ஒரு தாவரக் கிரகத்தில் இறங்குகிறார். பறித்தது பூவல்ல, கொலை என்று சொல்லி, ஆள் உயரக் கேரட் ஒன்று அவரைப் பிடித்துக்கொள்கிறது. கேரட்டுக்குள் ஸ்டான்லி ஆடம்ஸ் என்ற நடிகர். அப்பா ராபின்சனாக நடித்த கை வில்லியம்ஸும் அம்மாவாக நடித்த ஜூன் லாக்ஹார்ட்டும் படப்பிடிப்பில் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்க, தண்டனையாக அடுத்து வந்த எபிசோடுகளில் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லையாம். பேசும் கேரட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்களைத்தான் நியாயமாகத் தண்டித்திருக்க வேண்டும்.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் ஸ்மித்தாக நடித்த ஜோனதன் ஹாரிஸ். முதலில் எடுத்த முன்னோட்டப் படத்தில் ஸ்மித்தும் கிடையாது, ரோபோவும் கிடையாது. நல்லவர்கள் நல்லபடியாகப் பயணம் போகிறார்கள். நமக்குக் கொட்டாவி வருகிறது. கொடூர வில்லனாக உள்ளே வந்த ஹாரிஸ், தன் வசனத்தைத் தானே திருத்தித் திருத்தி ஸ்மித்தைக் கோழையாக, சோம்பேறியாக, முதுகுவலிக்காரராக மாற்றிக்கொண்டார். ரோபோவைத் திட்டுவதற்கென்றே எதுகை மோனையோடு வசவுகள் தயாரித்தார். டைட்டிலில் கடைசிவரை அவருக்குப் போட்ட பட்டம் 'சிறப்பு விருந்தினர்'. மூன்று வருஷம் கிளம்பாத விருந்தினர்! அவர் இல்லாவிட்டால் அந்தக் கிரகத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. மனைவியும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துக்கொண்டாள்.

பார்க்க நினைப்பவர்கள் கருப்பு வெள்ளையில் வந்த முதல் சீசனிலிருந்து தொடங்குங்கள். ஆனால் குடும்பம் ஊர் போய்ச் சேரும் காட்சிக்காகக் காத்திருக்காதீர்கள். 1968இல் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்; அப்படி ஒரு காட்சியை யாரும் எடுக்கவே இல்லை.