ஆறினாலும் ருசிக்கும் டிபன்

கேள்வி: ஞாயிறு காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கொரு பலகாரம் கொண்டுவந்து, முப்பது பேர் சேர்ந்து சாப்பிடப் போகிறோம். சுலபமாக நான் என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: தோசை என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள், கடைசிவரை கல் முன்னாலேயே நிற்க வைத்துவிடுவார்கள். பூரி படியிறங்குவதற்குள் மூச்சை விட்டுவிடும். வெண்பொங்கல் ஆறினால் கரண்டியோடு மல்லுக்கு நிற்கும்.

என் ஓட்டு பொடி இட்லிக்கு. தலைக்கு இரண்டு வீதம் 60 போதும், மற்றவர்களும் கொண்டுவருவார்களே! அதிகாலையில் அவித்து, நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரு பக்கமும் தடவுங்கள். சூட்டோடு தடவினால் இட்லி பிய்ந்துவிடும். அரை மணி ஊறினால்தான் பொடி உள்ளே இறங்கும். ரயில் பயணத்துக்கு இதைக் கட்டிக் கொடுத்த பாட்டிகள் எல்லாம் தெரிந்தவர்கள்.

கொஞ்சம் மெனக்கெடத் தயாரா? காஞ்சிபுரம் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வெகுநேரம் வேகவைப்பார்கள். வீட்டில் டம்ளரே போதும். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் மாவிலேயே இருப்பதால் வில்லை போட்டு அப்படியே சாப்பிடலாம்.

தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். தக்காளித் தொக்கு தாங்கும்.

எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இட்லி தீர்ந்த பாத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்!