டப்பாவியல்: ஒளித்தலும் தேடலும் குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

மனிதன் காரணமின்றி நடவான் என்பது இவ்வாய்வின் கோட்பாடு. நாய் வளர்ப்பவன் நாய்க்காக நடக்கிறான். சர்க்கரை உள்ளவன் டாக்டருக்காக நடக்கிறான். இவ்விரண்டும் வாய்க்காதவர்க்கென ஏற்பட்டதே ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை வெளியிடத்தில் ஒளித்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவிப்பார். முன்பின் அறியாத இன்னொருவர் ஜிபிஎஸ் கருவியோடு அதைத் தேடிப் புறப்படுவார். ஆய்வுக்களம்: இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்திலுள்ள சாக்ஃபோர்ட் ஊரும் அதன் நடைபாதைகளும்.

தோற்றம்

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. 1854இல் இவ்வூர் வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், கிரான்மியர் பூல் என்னும் சதுப்பிடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அங்குவரை நடந்தவர்கள் தம் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டு வரலாம். சேற்றில் பல மைல் நடந்து, தம் பெயரைத் தாமே புட்டியில் அடைத்துவிட்டுத் திரும்புவதில் கனவான்கள் பேரின்பம் கண்டனர். நாளடைவில் புட்டி பெட்டியாயிற்று. பெட்டிக்குள் ரப்பர் ஸ்டாம்பும் குடியேறியது.

இந்தப் பெட்டிக்கலைக்குச் செயற்கைக்கோள் துணை கிடைக்க 146 ஆண்டுகள் ஆயின. பொதுமக்கள் துல்லியமாக இடமறியக் கூடாதென்று ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. மே 3ஆம் தேதியே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் ஒளித்தார். உள்ளே புத்தகங்கள், வீடியோக்கள், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். இராணுவத்துக்கென சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பீன்ஸ் டின்னுக்கு வழிகாட்டத் தொடங்கியது இவ்வாறே என்க.

வகை

டப்பா அளவால் பலவகைப்படும். தோட்டாப்பெட்டி தலையாயது, மூடி இறுகிய சாப்பாட்டு டப்பா இடைப்பட்டது, ஃபிலிம் ரோல் டப்பா கடைப்பட்டது. விரல்நுனி அளவுள்ள காந்தக் குப்பி 'நானோ' எனப்படும். இது தேடுபவரின் குடும்ப அமைதியைக் குலைக்க வல்லது. எல்லாவற்றுக்கும் பொதுவானது பெயர் எழுதும் தாள். பெரிய டப்பாக்களில் பண்டமும் உண்டு. எடுத்தவர் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும் என்பது விதி. உடைந்த சாவிக்கொத்து எதற்கும் ஈடாகும் என்பது வழக்கு.

தேடுவோர் இலக்கணம்

சில மீட்டர் தொலைவுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கருவி கைகழுவிவிடும். அதன்பின் கைதான் கருவி. வேலி தாண்டும் மரப்படியின் அடிப்பலகை, ஐவிக்கொடி மூடிய பொந்து, கற்சுவரின் இடுக்கு ஆகியவை துழாவத்தக்கன. கற்கள் இயற்கையை மிஞ்சிய ஒழுங்கோடு அடுக்கியிருப்பின் அங்கே டப்பா உண்டென்பது துணிபு.

விளையாட்டறியாத வழிப்போக்கரை ஹாரி பாட்டர் கதைச் சொல்லால் 'மகிள்' என்பர். மகிள் வரின் ஷூ லேஸைக் கட்டுக. லேஸ் இல்லாத ஷூவாயின் பறவையைப் பார்க்க. இந்நடிப்பு அற்பமன்று. 2011இல் யார்க்‌ஷயரின் வெதர்பியில், உணவகத்துக்கு வெளியே ஒளித்த டப்பாவை வெடிகுண்டென்று ஐயுற்று இராணுவ நிபுணர்கள் வந்து தகர்த்தனர்.

மறுப்பும் விடையும்

'டப்பா இல்லாமலே நடக்கலாமே' என்பார் உளர். அற்றன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளம் கிடக்கின்றன. அவை பிறர் வயலுக்குள் சென்றாலும் அவற்றின் வழியே தடையின்றிப் போகலாம். பாதை இருப்பது மட்டும் போதுமெனில் சோபாக்கள் விற்றிரா.

'கருவியையே பார்த்து நடப்பவன் இயற்கையை எங்ஙனம் காண்பான்' என்பது இன்னொரு மறுப்பு. காட்சி ரசிப்பவன் மரத்தைப் பார்த்து 'ஆகா' என்று கடந்துவிடுகிறான். தேடுபவனோ அதன் ஒவ்வொரு வேரிடுக்கிலும் கைவிட்டு, எறும்பிடமும் முள்ளிடமும் தனித்தனியே அறிமுகம் பெறுகிறான். மரத்தை அறிந்தவன் யாரென்பதை நடுநிலையாளர் தீர்மானிக்க.

முடிபு

டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஈரத்தாளும் பிளாஸ்டிக் பொம்மையுமே. ஆயினும் அதற்காக நடந்த மைல்கள் மெய்யானவை. ஆகவே பயனற்ற பொருளே நடையின் தலைசிறந்த காரணம் என்பது பெற்றாம். டப்பாவைக் கண்டவர் பெயரும் தேதியும் எழுதி, இறுக மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருக. அடுத்தவர் மருத்துவச் செலவு நம் கையில் இருக்கிறது.