மும்மல நீக்கம்: காரின் மேலுள்ள பழைய ஸ்டிக்கரை உரிப்பது பற்றிய ஒரு விசாரணை

பாயிரம்

நூலென ஒன்றை இயற்றப் புகுவோர், அது நுதலிய பொருள் யாது, கேட்போர் யாவர், கேட்டதனால் எய்தும் பயன் யாது என்பவற்றை முன்னரே சொல்லிவிட வேண்டுமென்பது நம் இலக்கண ஆசிரியர்கள் விதித்த நெறியாதலின், அந்நெறி வழுவாமல் நாமும் அவற்றை ஈண்டு உரைக்கின்றோம். நுதலிய பொருள்: காரின் மேல் என்றோ ஒட்டப்பட்டு, வெயிலில் காய்ந்து, ஓரம் சுருண்டு, பாதி உதிர்ந்து, மீதி உதிர மறுத்து நிற்கும் வினைல் ஸ்டிக்கரும் அதனடியிலுள்ள பசையும். கேட்போர்: பழைய கார் வாங்கியவர். பயன்: அந்தக் கார் தம்முடையதுதான் என்று அவருக்கே நம்பிக்கை பிறத்தல்.

கேட்போரை இவ்வாறு வரையறுத்தது காரணம் பற்றியே. ஒட்டியவரே உரிப்பது உலக வழக்கில் அரிது. முதல் உரிமையாளர், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காரை நிறுத்தி, கடைப் பையன் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி இல்லாமல் அழுத்தித் தேய்த்துக் கொடுக்கும் அந்தச் சிறு பொழுதுக்குள், தம் தொழில், குலதெய்வம், தலைவர், அபிமான நடிகர், குழந்தையின் பெயர் ஆகிய சகலத்தையும் உலகுக்கு அறிவித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார். அவரிடமிருந்து வாங்கியவரோ, அந்தக் குலதெய்வத்தின் ஊரை அறியாதவராய், அந்த நடிகரின் படமொன்றையும் பாராதவராய், எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி எழுதாதவராய் இருந்தும், பின்கண்ணாடிக்குக் கீழே 'பிரஸ்' என்று எழுதியிருப்பது ஏனென்று சிக்னலில் கேட்கும் போலீஸ்காரருக்கு விடை சொல்லும் பொறுப்பை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்தே பெறுகிறார். ஆகவே ஸ்டிக்கர் உரித்தல் என்பது, ஒருவர் செய்த வினையை வேறொருவர் அநுபவித்துத் தீர்க்கும் துறையாகும்.

இவ்விதிக்கு விலக்கு உண்டு. அதை உண்டாக்குவது அரசும் நீதிமன்றமும். கார்க் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டலாகாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், வாகனங்களில் அநுமதியின்றி ஒட்டப்பட்ட துறைச் சின்னங்களின் மேல் 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கப்படுமென்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபோதும், ஒட்டிய கைகளே உரிக்கவும் நேர்ந்தன. நம் சாஸ்திரத்தின் பொற்காலங்கள் என இவ்விரண்டையும் கொள்வர்.

வரலாறு

பாலிவினைல் குளோரைடு என்னும் பொருள் பிறவியில் விறைப்பானது, வளைத்தால் முறிவது. அமெரிக்காவில் குட்ரிச் ரப்பர் கம்பெனியில் பணிபுரிந்த வால்டோ செமன் என்னும் ரசாயனி, 1926இல் அதனோடு நெகிழ்வூட்டும் திரவமொன்றைச் சேர்த்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பண்டமாக ஆக்கினார். 1935இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பவர், நீரும் வேண்டாமல் நாக்கும் வேண்டாமல் விரலால் அழுத்திய மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் லேபிள்களைத் தயாரித்து விற்கலானார். அவை சுவடின்றி உரிந்து வரும் என்பதையே அவர் தம் சரக்கின் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் என்பதை, காரின் டிக்கியருகே குந்தியமர்ந்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும் அன்பர்கள் பொறுமையோடு கேட்டுக்கொள்வார்களாக. இவ்விருவர் கண்டவையும் கூடிய கூட்டமே இன்றைய ஸ்டிக்கர்.

மலங்களின் இயல்பு

உயிரைப் பற்றிய மலங்களை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாக வகுத்தனர் சைவ சித்தாந்திகள். காரைப் பற்றியனவும் மூன்றேயெனத் துணிகின்றோம். கண்ணுக்குப் புலனாகும் வினைல் படலம் மாயை. படலம் போன பின்னும் போகாமல் நின்று, போகிற வழியிலுள்ள புழுதியையெல்லாம் சேர்த்துக்கொண்டு நாளுக்கு நாள் கறுக்கும் பசை கன்மம். இரண்டும் தொலைந்த பின்னும், சாய்ந்த வெயிலில் பார்த்தால் பெயிண்டுக்குள்ளிருந்து எழுத்தெழுத்தாகத் தெரியும் நிழல் ஆணவம். 'ஸ்டிக்கரை எடுத்தாயிற்று' என்று சொல்வோருள் பெரும்பாலோர் மாயையை மட்டும் கடந்தவர். பசையில் படிந்த கரும்புழுதி அதே வாசகத்தை முன்னினும் தெளிவாக அறிவித்துக்கொண்டிருக்க, அதனை உணராமல் ஊரெல்லாம் ஓட்டித் திரிவார்கள்.

இம்மலங்கள் முதிருந்தோறும் வலுப்பெறுவது ஏன்? செமன் சேர்த்த அந்த நெகிழ்வூட்டும் திரவம் படலத்துக்குள் நிலையாக இருப்பதன்று. ஆண்டுக்கணக்கில் அது கசிந்து, ஒரு பகுதி காற்றோடு போகிறது. ஒரு பகுதி கீழிறங்கிப் பசைக்குள் புகுகிறது. திரவத்தை இழந்த படலம் பிறவிக் குணத்துக்கே திரும்பி, தொட்டால் நொறுங்குகிறது. அதைப் பெற்ற பசை குழைந்து பிசுபிசுக்கிறது. நொறுங்க வேண்டாதது நொறுங்கி, குழைய வேண்டாதது குழைந்து நிற்கும் இவ்வவஸ்தையில்தான் இரண்டாம் உரிமையாளர் வந்து சேருகிறார்.

பரபக்கம்

பிறர் மதங்களை முதலில் எடுத்துக் கூறி மறுப்போம்.

முதலாவது நகவாதிகள். கருவியென ஒன்றை நாடாது, இயற்கை அளித்த நகமே போதுமென்பது இவர்கள் கொள்கை. தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாமென்று தொடங்குவார்கள். 'வழக்கறிஞர்' என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைச் சுரண்டியெடுத்ததும் நகக்கண் வலித்து ஓய்ந்துவிடுவதால், 'கறிஞர்' என்ற பட்டத்தைத் தாங்கிய கார்கள் நம் வீதிகளில் உலவுகின்றன. பட்டம் அளித்த பல்கலைக்கழகம் எதுவென்று எவரும் கேட்பதில்லை.

இரண்டாவது பிளேடுவாதிகள். இவர்களை மறுக்க ஓர் அளவு போதும். பெயிண்டின் மேல் காப்பாக நிற்கும் கிளியர் கோட் என்ற பூச்சின் தடிமன் ஏறத்தாழ 0.05 மி.மீ.; நல்ல வினைல் படலத்தின் தடிமனும் ஏறத்தாழ அவ்வளவே. ஸ்டிக்கர் எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிளேடு அறியுமாறில்லை. கண்ணாடி ஒன்றே பிளேடுக்கு உரிய க்ஷேத்திரம். அங்கும், பின்கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலம் நீக்க ஓடும் மெல்லிய கம்பிக் கோடுகளின் குறுக்கே இழுப்பது பாவம்.

மூன்றாவது தின்னர்வாதிகள். பட்டறைகளில் செல்வாக்குள்ள மதம் இது. "தின்னர் போட்டா ஒரே துடைப்புதான் சார், பெயிண்டும் கொஞ்சம் வரும், டச்சப் பண்ணிக்கலாம்" என்பது இவர்கள் மகாவாக்கியம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பரிந்துரைக்கும் இல்லத்தரசியரும் இம்மதத்தின் உட்கிளையினரே. இவை பசையைக் கரைப்பது மெய். பசைக்கும் பெயிண்டுக்கும், பெயிண்டுக்கும் பிளாஸ்டிக் பம்பருக்கும் பேதம் பாராமல் கரைப்பதே குற்றம். அத்வைதம் வேதாந்தத்தில் சிறந்தது, தின்னரில் ஆகாது.

நான்காவது மேலொட்டுவாதிகள். பழைய ஸ்டிக்கரை மறைக்க அதனினும் பெரிய ஸ்டிக்கரை ஒட்டுவோர். முன்பு ஒட்டியவரிடம் இரக்கமும் பின்பு வாங்குபவரிடம் இரக்கமின்மையும் ஒருங்கே உடைய இவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

சுபக்கம்

இனி நம் சித்தாந்தம். மாயைக்கு வெப்பம், கன்மத்துக்கு எண்ணெய், ஆணவத்துக்குக் காலம் என்பது அதன் சாரம்.

முதற்கண் அவ்விடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுக. மண் துகள் இருக்கத் தேய்த்தால் அத்துகளே கீறலாகும். பின்னர் ஹேர் டிரையரால் ஸ்டிக்கரைச் சூடாக்குக. தொட்டால் சுட வேண்டும், ஆனால் விரலை வெடுக்கென எடுக்கும்படி சுடலாகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே உரிய பதம். வெப்பம் குறைந்தால் படலம் முறியும். மிஞ்சினால் பசை தனக்குள்ளேயே பிளந்து, பாதி படலத்தோடும் பாதி காரோடும் போய்விடும். கத்திரி வெயிலில் காரை வெளியே நிறுத்தினால் ஹேர் டிரையர் எதற்கு என்று வினவுவோர், அந்த வெயிலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வினவுக.

பதம் வந்ததும் ஒரு மூலையைக் காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தால் மெல்லக் கிளப்பி, மேல்நோக்கிப் பிடுங்காமல், காரின் உடம்பையொட்டியே பின்புறமாக மடக்கி, நிதானமாக இழுத்துக்கொண்டே வருக. விளிம்பில் பசை நூல்நூலாக நீண்டு, ஒவ்வொன்றாக அறும். அறும் வேகமே இழுக்கும் வேகம். கம்பெனியின் தடித்த எழுத்துச் சின்னமாயின், சூடாக்கியபின் அதன் அடியில் தூண்டில் தங்கூசியை விட்டு அறுத்தெடுப்பது நுண்ணிய முறை.

எஞ்சிய கன்மத்துக்கு மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் தகும். முன்னது விரைவு, பின்னது சாந்தம். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஏவுகணையின் உலோகத்தில் துரு ஏறாமலிருக்க ஆக்கப்பட்ட டபிள்யூடி-40 என்னும் தைலமும் இப்பணிக்கு இறங்கி வந்திருக்கிறது. வானுலகம் நோக்கிப் புறப்பட்ட ஒன்று 'காட்ஸ் கிஃப்ட்' என்னும் எழுத்துகளின் பசையில் வந்து முடிந்ததை விதியென்பதா, வியாபாரம் என்பதா? எதுவாயினும், முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு துளி தடவிச் சோதித்துவிட்டு, துணியில் நனைத்துப் பசையின் மேல் படியவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். எண்ணெய் பசைக்குள் ஊறி, அதை வீங்கச் செய்து, பிடியைத் தளர்த்துகிறது. தேய்ப்பவர் செய்வது பெரும்பாலும் உடற்பயிற்சி. ஊறிய பசையைக் கட்டைவிரலால் உருட்டினால் கரிய சிறு திரிகளாகத் திரண்டு வரும். எண்ணெய்க்கு இணங்காத பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். பெட்ரோல் ஆகவே ஆகாது. அதன் ஆவி தீயை வெகு தூரத்திலிருந்தே அழைத்து வரும். ஈற்றில் மீண்டும் சோப்பால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குக. இல்லையேல் அப்பிசுக்கே புதுப் புழுதியின் பீடமாகும்.

எஞ்சி நிற்பது ஆணவம். சூரியனின் புற ஊதாக் கதிர் காரின் மற்றப் பகுதியையெல்லாம் வெளிறச் செய்திருக்க, ஸ்டிக்கருக்கு அடியிலிருந்த பெயிண்ட் மட்டும் ஷோரூமில் புறப்பட்ட நாளின் நிறத்தோடு நிற்பதால் விளைவது இந்நிழல். சிவப்புக் கார்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அழுக்கென்று எண்ணித் தேய்க்கப்படும் அவ்விடந்தான் அந்தக் காரிலேயே கெடாத ஒரே இடம் என்னும் உண்மை இத்துறையின் பரம ரகசியம். கெட்டது சுற்றியுள்ள முழுக் கார். ரப்பிங் பாலிஷ் போட்டால் சுற்றுப்புறத்தின் வெளிறிய மேல்தோல் சற்று நீங்கி வேறுபாடு குறையும். ஆயினும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் ஒரு பங்கு தேய்வதால், அதை வாரந்தோறும் செய்வது காரைச் செலவிட்டு நிழலைத் துரத்துவதாகும். ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே ஒடுங்கும் என்ற சித்தாந்திகளின் துணிபு ஈண்டும் செல்லும். திறந்துவிடப்பட்ட அந்தப் பகுதியும் வெயிலில் நின்று மற்றதைப் போலவே வெளிறுங்காலத்து நிழல் ஒடுங்கும்.

முடிபு

காரைக் கெடுப்பது ஸ்டிக்கரன்று, அதை இன்றே, இப்போதே, ஒரே இழுப்பில் எடுத்துவிட வேண்டுமென்ற அவசரமே என்பது நம் தீர்ப்பு. ஒட்டியே தீருவது என்ற விரதமுடையோருக்கு ஒரு விண்ணப்பம்: பெயிண்டை விட்டுவிட்டுப் பின்கண்ணாடியின் ஒரு மூலையில் ஒட்டுங்கள், அங்கே நிழல் படியாது, மண்ணெண்ணெய் தீங்கு செய்யாது, பிளேடுக்கும் அநுமதி உண்டு. காரை விற்க நினைத்த அன்றே அதையும் நீங்களே உரித்துக் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவருக்கு உங்கள் குலதெய்வம் இன்னாரென்று தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை.