கூடத்தில் ஒரு மெக்சிகோக்காரர்

ஆட்டையாம்பட்டி என்றால் கைமுறுக்கு, அடுத்து தறிச் சத்தம். இப்போது புதுவீட்டுக் கூடங்களில் மான்ஸ்டெராவும் சேர்ந்திருக்கிறது. தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரை மழைக்காட்டில் மரம்பற்றி ஏறும் கொடி, இங்கே சோபாவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொட்டியில் நிற்கிறது. சித்திரை வெயிலில் அதற்கு ஏசி. திண்ணையில் தாத்தாவுக்குப் பனையோலை விசிறி.

"ஏனுங்க, இலையெல்லாம் பூச்சி அரிச்சிருக்குதே, மருந்தடிக்கலீங்களா?" என்று கேட்கும் தோட்டக்காரருக்கு, காசே அந்த ஓட்டைக்குத்தான் என்று எப்படிப் புரியவைப்பது?

மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் வீடுகளில் பாசம் என்றாலே தண்ணீர்தானே! காலையில் மருமகள் ஒரு சொம்பு, மாலையில் மாமியார் ஒரு சொம்பு. வேர் அழுகி இலை மஞ்சளானால், "தண்ணி பத்தலயாட்ட இருக்குது" என்று மூன்றாவது சொம்பு. நேர்வெயிலில் இலை கருகும். இருட்டு மூலையில் வைத்தாலோ புது இலை ஓட்டையே இல்லாமல் வந்து மானத்தை வாங்கும்.

கொல்லைச் சாக்கடையோரம் நிற்கும் சேம்பும் இதே குடும்பம்தான். பச்சையாக மென்றால் இரண்டிலும் அதே ஊசிப் படிகங்கள், அதே நாக்கரிப்பு. சேம்பு கிழங்கும் தரும். எத்தனை சொம்பு ஊற்றினாலும் தாங்கும். பேசாமல் அதையே வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். விருந்தாளி கேட்டால் "கொலோகேசியா" என்று சொல்லுங்கள். பொய்யில்லை, அதன் தாவரவியல் பெயரே அதுதான்.