சோக நாவல்களின் பக்கங்களில் காணப்படும் கறைகளைப் பற்றிய பூர்வாங்க விசாரணை

நாவல் என்னும் வசன காவியத்தைக் குறித்து நம் பண்டிதர்கள் இதுகாறும் நிகழ்த்தியுள்ள ஆராய்ச்சிகளில் கதைக்கட்டு, பாத்திர சிருஷ்டி, கால நிர்ணயம், இன்ன இயத்தைச் சேர்ந்தது என்னும் ஜாதி நிர்ணயம் ஆகிய யாவும் விரிவாக இடம்பெற்றிருக்க, அந்நூலை வாசித்தவர் எந்தப் பக்கத்தில் அழுதார், அழுதபோது எங்கே அமர்ந்திருந்தார், விழுந்த துளி எந்த எழுத்தைக் கரைத்தது என்னும் மூலாதாரமான வினாக்கள் மாத்திரம் கேட்பாரற்றுக் கிடப்பதை விசனத்துடன் கண்ணுற்று, அக்குறையைச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து நிவர்த்திக்க முற்படுகிறோம்.

இருண்ட நாவலாவது, கதையில் ஒருவரேனும் மாண்டு, மாளாதவர்கள் அவருக்காக வருந்த, வாசகர் இரு சாராருக்காகவும் வருந்துவது. பேய் நாவல் இதில் அடங்காது. பேய், கதை தொடங்குமுன்பே மாண்டுவிடுகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைக் கூறினார். நாவல் வாசகரோ இழிவுற்றவர் அல்லர். எதையும் இழந்தவர் அல்லர். குளிர்சாதன அறையில் சாய்ந்திருப்பவர். புத்தகத்தை இரவல் வாங்கியதால் ஒரு வெள்ளியும் செலவழியாதவர். ஆகவே அவருடைய அழுகைக்கு 'அச்சேறிய இழவு' என்னும் ஐந்தாம் களனை முன்மொழிகிறோம். இதற்கான சூத்திரம் ஏடெடுத்து எழுதியவர் கைசோர்வினால் விடுபட்டிருக்க வேண்டும் என்பது நம் துணிபு. இதனினும் மெலிந்த ஆதாரத்தின்மீது முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. அச்சத்துக்குரிய நான்கனுள் 'தம் இறை' என்றது, உச்சகட்ட அத்தியாயத்தில் கைத்தொலைபேசியில் அழைக்கும் மேலதிகாரியைக் குறிக்கும் என்பதற்கோ உரையே வேண்டியதில்லை.

இனி இடம். 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதும், ஓட்டுநர் இன்றியே ஓடுவதும், முழுவதும் பூமிக்கடியில் அமைந்ததுமாகிய வடகிழக்கு ரயில் பாதையே இருண்ட நாவலுக்கு உகந்த க்ஷேத்திரம். தரைக்கு மேல் ஓடும் ரயிலில் அழுகை வந்தால் மரங்களை ரசிப்பவர்போல் வெளியே திரும்பிக்கொள்ளலாம். இங்கே திரும்பினால் கண்ணாடியில் அழுகின்ற தம் முகமே எதிர்ப்படும். ஓட்டுகிறவர் எவரும் இல்லாமலே குறித்த இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாகனத்தில் விதியைப் பற்றிய நாவலை வாசிப்பதன் தத்துவார்த்தத்தை விரிக்கின் பெருகும்.

அடுத்தது தேக்கா உணவங்காடி நிலையம். ஈண்டு மேசையின்மேல் ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை வைத்தால் அவ்விடம் வைத்தவருக்கே உரியது என்பது எழுதாச் சட்டம். கதாநாயகி விஷம் அருந்தும் தறுவாயில் அதே பொட்டலத்தைப் பிரித்துவிடும் வாசகர், நாயகியையும் நாற்காலியையும் ஒருங்கே இழக்கிறார்.

உலகளாவிய ஒப்பியலின்றிக் கட்டுரை கரையேறாது என்பதனால் ஜெர்மனிக்கும் சென்று மீள்வோம். கெதே 1774இல் வெளியிட்ட 'வெர்தர்' நாவலை வாசித்த இளைஞர்கள் நாயகனைப்போல் நீலக் கோட்டும் மஞ்சள் உள்ளங்கியும் அணிந்து திரிய, லைப்ஸிக் நகரத்தார் மறு ஆண்டே நூலையும் அவ்வுடையையும் சேர்த்துத் தடைசெய்தனர். சிங்கப்பூரின் புழுக்கத்தில் கோட்டு அணிந்து துக்கிப்பது சாத்தியமன்று. அதனினும் தீவிரமான காரியத்தைத் தமிழ் வாசகர்கள் செய்தனர்: நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரில் 'கல்கி'யில் எழுதிய 'குறிஞ்சி மலர்' தொடரில் நாயகன் அரவிந்தன் மாண்டுபோக, அழுது முடித்த பெற்றோர் தம் மக்களுக்கு அரவிந்தன் என்றும், நாயகியின் பெயரால் பூரணி என்றும் பெயரிட்டனர். கோட்டைக் கழற்றிவிடலாம்.

பீடிகை நிற்க. நம் ஆராய்ச்சிக்கு மூலமாக அமைந்தது, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யின் (1972) பலர் கைமாறி வந்த ஒரு பிரதி. இரண்டாம் உலகப்போரில் மெடானிலும் பினாங்கிலும் இந்த நகரத்திலும் அலைப்புண்ட தமிழர்களின் கதையாதலால் இவ்வூரில் அதற்குத் தனி உரிமை உண்டு. தாயகம் திரும்பாமலே கதாநாயகன் பாண்டியன் மடியும் இடத்தை ஒட்டி, வலப்புற ஓரத்தில், வெளிறிய வட்டமாக ஒரு கறை இருக்கிறது. இதன்மீது அறிஞருலகம் இரண்டாகப் பிரிந்தது.

தேநீர்வாதிகள், கறையின் விளிம்பு பழுப்பாயிருத்தலையும், நூலினிடையே கிடைத்த 'தே ஹாலியா' என்னும் இஞ்சித் தேநீருக்கான ரசீதையும் சான்று காட்டுவர். கண்ணீர்வாதிகளோ, ரசீது கிடைத்தது முதல் அத்தியாயத்தில் என்றும், அங்கிருந்து கடைசிப் பக்கங்களுக்கு வருவதற்குள் எந்தத் தேநீரும் ஆறிவிடும் என்றும், எம்ஆர்டி ரயிலில் உண்ணவும் பருகவும் தடையிருந்து, மீறினால் 500 வெள்ளிவரை அபராதமும் இருத்தலால், ரயிலில் விழுந்த துளி கண்ணீராகவே இருத்தல் வேண்டும் என்றும் மறுப்பர். ஒருக்கால் வாசகர் கண்ணாடிப் புட்டியில் மறைத்து... என்று தொடங்கிய சமரசக் கட்சியொன்று இரு தரப்பாரும் உறுமியமையால் ஒடுங்கிற்று.

கறைக்கு நேரே பென்சிலால் 'ஐயோ' என்றிருக்கிறது. இதனை மூலம் எனக் கொள்க. அதன்கீழ் நீல மையில் 'ஏன்?' என்பது உரை. அதன்மேல் பச்சை மையில் 'முன்னவர் நூலை வாசித்திலர்' என்பது உரைக்கு மறுப்பு. மறுப்பின் பக்கவாட்டில், புத்தகத்தைக் குறுக்கே திருப்பினாலன்றிப் படிக்கவொண்ணாத சிற்றெழுத்தில், 'பச்சை மையார் கூற்று ஏற்புடைத்தன்று. காண்க: பின்னட்டையின் உட்புறம்' என்றொரு மேற்கோள். பின்னட்டையின் உட்புறத்திலோ 'இது பற்றி முன்னரே கூறினாம்' என்பது மட்டுமே.

சிவப்பு மையாரை மட்டும் ஆராய்ச்சியாளர் என்று ஐயத்துக்கிடமின்றி அடையாளம் காணலாம். முன்னுரை முழுவதும் அவருடைய அடிக்கோடு ஓடுகிறது; முதல் அத்தியாயத்தில் சில கீற்றுகள்; அப்பால் கடைசி ஏடுவரை மை படாத தூய வெண்மை. பழந்தமிழ்ப் பெருமை பேசுவோரை ஆசிரியர் எள்ளி நகையாடும் பகுதிகள் இந்நூலில் பிரசித்தம். அவற்றுள் ஒன்றன் அருகே வேறொருவர், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல், 'சங்கச் சான்று தேவை' என்று குறித்துவைத்திருக்கிறார்.

இவ்விடத்தில் நம் சொந்த அபிப்பிராயத்தையும், சாஸ்திர விரோதமாயினும், சொல்லிவிடலாம். மனிதன் மனிதனைக் கொன்று குவிக்கும் காலத்தைப் பற்றிய அந்நூல் நெடுக நையாண்டி செய்துகொண்டே போகிறது. கேலி பேசிய வாய் நின்றுபோன பிறகுதான் நாம் எத்துணை இருட்டில் இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்தோம் என்பது புலனாகிறது. தொடக்கமுதலே ஒப்பாரி வைக்கும் நாவல்கள் நம்மை இங்ஙனம் ஏமாற்றுவதில்லை. அவை பதினைந்தாம் பக்கத்திலேயே நம் கண்ணீர் முழுவதையும் கறந்துகொண்டு மீதிக்கு வறண்ட கண்களோடு விட்டுவிடுகின்றன.

கறையின் உண்மையை நேரிற் கண்டறியும்பொருட்டு, பஃபலோ சாலையில் காய்கறி வாங்க வரும் அண்டை வீட்டு அக்காவிடம் அப்பிரதியைக் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்துத் திருப்பித் தந்தவர், "படிச்சேன் தம்பி. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. அந்தப் பிள்ளை பேசாம ஊருக்குக் கப்பலேறியிருக்கலாம்ல?" என்றார். கறை தேநீரா கண்ணீரா என்று வினவியதற்கு, "எந்தக் கறை?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்காய்க்கு விலை பேசப் போய்விட்டார். அக்கூற்றில் அடிக்குறிப்பு எதுவும் இணைக்கப்படாமையால், அதனைச் சான்றாகக் கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம்.