கடைமடையில் காய்ச்சலும் பாய்ச்சலும்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரியின் கடைமடை. எண்பதுகளில் அங்கே நல்ல விவசாயி என்றால் அவர் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும். அப்பா விடியுமுன்னே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் வேலை, வரப்பில் நண்டு வளையை மிதித்து அடைப்பது. முறைத் தண்ணீர் வரும் ராத்திரியில், மேலே யாரும் மடையைத் திருப்பிவிடக் கூடாதென்று லாந்தரோடு வாய்க்கால் கரையிலேயே படுத்திருப்பார். தரை வெடித்த வயலைக் கண்டால், அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்றுதான் ஊரே பேசும்.

தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கி நடந்தால் கால் புதையும் இடமெல்லாம் குமிழி கிளம்பும். பிள்ளைகள் நாங்கள் வேண்டுமென்றே மிதித்துக் கிளப்புவோம். அதில் மீத்தேன் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தேங்கிய நீர் மண்ணுக்குள் காற்றுப் போகாமல் மூடிவிடுகிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மடக்கி உழுத தாளையும் வேர்க்கழிவையும் சிதைத்து அந்த வாயுவை உண்டாக்குகின்றன. குமிழியாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு புவியைச் சூடாக்கக் கூடியது அது.

இப்போது எங்கள் வயல் ஒன்றில் தம்பி பிளாஸ்டிக் குழாய் புதைத்திருக்கிறான். 30 சென்டிமீட்டர் நீளம். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. மண்ணுக்குள் போகும் பாதியில் சுற்றிலும் துளை. உள்ளே அடைந்த சேற்றைக் கையால் வழித்து எடுத்துவிட்டால், மண்ணுக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பாய்ச்ச வேண்டாம்; அதன்பிறகு 5 சென்டிமீட்டர் கட்டினால் போதும். நட்ட புதிதிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் பாதியளவு வரை குறைகிறது. தண்ணீரும் மிச்சம். விளைச்சல் குறைவதில்லை. யூரியாவை மட்டும் அள்ளிக் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து நனையும் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாகக் கிளம்பும்.

முறை நல்ல முறைதான். ஆனால் தம்பி அதை போர்செட் தண்ணீர் பாயும் மேட்டு வயலில் மட்டும்தான் செய்கிறான். வாய்க்கால் பாசன வயலில் இன்றும் அப்பா மாதிரியே வரப்பு உயரத் தேக்கி வைக்கிறான். ஏன் என்று கேட்டேன். "வடிச்சு விட்டா அடுத்த முறை எப்ப வரும்னு யாருண்ணே சொல்லுவா? வந்தத விட்ருவமா?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால்தான் வாய்க்கால் வயலில் குறுவைச் சாகுபடி. 2012 தொடங்கி எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2020-இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த எட்டு ஆண்டுகளில் காய்ந்ததை, அடுத்த முறைத் தண்ணீரை நம்பிக் காயப்போட்டதாகச் சொல்ல முடியுமா? தண்ணீர் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருப்பவன்தான் வயலைத் துணிந்து காயவிடுவான். போர்செட்காரருக்கு அந்தத் துணிச்சல் உண்டு. ஆனால் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டாரை நிறுத்துவதில் அவருக்குக் கைமேல் லாபம் எதுவும் இல்லை. சிக்கனத்துக்குக் காரணம் உள்ளவன் கடைமடைக்காரன். அவனுக்குத்தான் அதைச் செய்ய வழியில்லை.

சம்பாவின் கதை வேறு. கார்த்திகை மழையில் எங்கள் பள்ள வயல் தானாகவே மூழ்கும். அங்கே எதைக் காயவைப்பது? அதற்கு இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 மாதிரி ரகமும், தூர் வாரிய வடிகாலும் வேண்டும். ரகம் கிடைக்கிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது.

குழாயின் அருமையைச் சொல்ல வருகிறவர்கள் கையோடு முறைத் தண்ணீர் அட்டவணையையும் கொண்டுவரட்டும். கடைசி மடைவரை எந்தத் தேதியில் தண்ணீர் எட்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தேதி ஒரு குறுவை முழுக்கத் தவறாமல் நடந்தால், வாய்க்கால் வயலிலும் குழாயைப் புதைக்கத் தம்பி தயார்.