கறுந்திரைக்காரர்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்ததையும், 2006-இல் வந்த நோக்கியா ஆலை 2014-இல் கதவடைத்ததையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதையும் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால் மூன்று ஷிஃப்டிலும் இடைவிடாது உற்பத்தியாகி, மந்தநிலை என்பதையே அறியாத ஒரு பொருளைப் பற்றி அவர்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. அப்பொருள் மின்னஞ்சல். ஒரு போல்ட் தாமதமானால் ஓர் அஞ்சல், அதன் நகல் பதினோரு பேருக்கு, அவர்களில் மூவரிடமிருந்து 'நோட்டட்' என்று எல்லோருக்கும் பதில், இரண்டு நாள் கழித்து ஒரு 'ஜென்டில் ரிமைண்டர்', அதன் பின் ஜென்டில் நீங்கிய வெறும் ரிமைண்டர் என்று அது பெருகும். இவற்றுள் பெரும்பாலானவை படிக்கப்படுவதற்காக எழுதப்படுபவை அல்ல என்பது கருதத்தக்கது. "ரெக்கார்டுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க" என்பதே பென்னலூர் முதல் ஒரகடம் வரை எல்லா மேலாளரும் ஓதும் மந்திரம். அந்த ரெக்கார்டை ஒருவர் என்றேனும் எடுத்துப் பார்ப்பார் என்ற எண்ணம் மந்திரத்தை ஓதியவருக்கும் இல்லை, கேட்டவருக்கும் இல்லை. அப்படி எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரே மனிதர் அந்தத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறார். கறுந்திரைக்காரர் என்று இங்குக் குறிக்கப்படுபவர் அவரே.

அவரை அடையாளம் காண்பது எளிது. அக்கினி நட்சத்திரத்தில் பென்னலூர்ச் சாலையின் தார் இளகிக்கொண்டிருக்கும்போது ஸ்வெட்டர் அணிந்திருப்பவர் அவர் ஒருவரே. சர்வர் அறையின் ஏசிக்குப் பழகிய உடம்பு அது. மேசையில் உள்ள மவுஸ் கேட் பாஸ் புத்தகம் பறக்காமலிருக்க அதன் மேல் பாரமாக வைக்கப்பட்டிருக்கும். திரை கறுப்பு, அதில் வெள்ளை எழுத்துகள் மட்டும். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்துப் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பொறியாளர், அதைக் கண்ட முதல் நாளிலேயே கணினி பழுதாகிவிட்டது என்று எண்ணி, உதவி வேண்டுமா என்று பணிவுடன் கேட்பது வழக்கம்.

இந்த இனம் இங்கு எவ்வாறு தோன்றியது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது ஷெல் கணக்கு எனப்படும், படமே தெரியாத, எழுத்து மட்டும் வரும் இணைப்பாகும். அதில் செய்யவேண்டியவற்றைச் சொல்லாகத் தட்டச்சுச் செய்து கணினியை ஏவ வேண்டும். இதற்குக் கட்டளைவரி என்று பெயர். அந்நாளில் அதில் பழகிய ஒரு தலைமுறையில் பெரும்பாலோர் படமும் பொத்தானும் வந்தவுடன் அதை மறந்தனர். மறக்காதவர்கள் தொழிற்சாலைகளின் சர்வர் அறைகளில் ஒதுங்கினர்.

கறுந்திரைக்காரர் அஞ்சலுக்குப் பயன்படுத்தும் கருவி விஎஸ்என்எல்லுக்கும் மூத்தது. அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் நார்மன் ஷபிரோவும் ஸ்டாக்டன் கெய்ன்ஸும் 1977-இல் முன்மொழிய, புரூஸ் போர்டன் எழுதி 1979-இல் உருவாக்கிய எம்ஹெச் என்ற தொகுப்பின் வழித்தோன்றலாகிய என்எம்ஹெச் அது. அஞ்சலுக்கெனப் பெரிய செயலி ஒன்று தேவையில்லை, ஒவ்வொரு மடலும் ஓர் எண்ணையே பெயராகக் கொண்ட தனிக் கோப்பாக இருந்தால் போதும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு கட்டளை இருந்தால் போதும் என்பது அதன் கொள்கை. 'இங்க்' என்றால் புதிய அஞ்சல் உள்ளே வரும். 'ஸ்கேன்' என்றால் மடலுக்கு ஒரு வரியாகப் பட்டியல் விழும். 'ஆர்எம்எம்' என்றால் மடல் நீக்கப்படும். நீக்கப்படும் என்பதும் முழு உண்மை அன்று. கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு காற்புள்ளி சேர்க்கப்பட்டு அது ஒதுங்கி நிற்கும், அவ்வளவே. எதையும் உண்மையில் தூக்கி எறியாத அவரது இயல்புக்கு இது மிகவும் பொருந்துகிறது.

ஆயினும் அவர் உயிரை வைத்திருப்பது வேறொன்றில். 'பிக்' என்ற கட்டளை, அனுப்பியவர், தலைப்பு, தேதி, உள்ளே வரும் சொல் ஆகியவற்றைக் கொண்டு மடல்களைத் தேர்ந்தெடுக்கும்; 'மார்க்' என்ற கட்டளை, எண்ணைச் சொன்னால் அந்த மடலைச் சேர்க்கும் அல்லது விலக்கும். இவ்வாறு திரட்டிய கூட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டால் அது ஒரு தொகுதி ஆகிறது. அதன்பின் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மொத்தக் கூட்டமும் வந்து நிற்கும். மடல்கள் இருந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. கோப்புறையின் உள்ளே மறைந்திருக்கும் ஒரு சிறு உரைக்கோப்பில் 'டெபிட்: 12 15-19 40' என்பதாக ஒரு வரி எழுதப்படுகிறது. ஆகவே 15-ஆம் மடல் ஒரே நேரத்தில் 'டெபிட்', 'ஆடிட்', 'புலம்பல்' ஆகிய மூன்று தொகுதிகளிலும் வீற்றிருக்க முடியும். அவுட்லுக்கில் கோப்புறை கோப்புறையாக அமைத்து, மடல்களை இழுத்து இழுத்துப் போடும் பர்ச்சேஸ் பிரிவினரை அவர் இரக்கத்தோடு நோக்குவது இதனாலேயே. 'சப்ளையர்' கோப்புறையில் தாமே போட்ட மடலை 'தரப் புகார்' கோப்புறையில் அரை மணி நேரம் தேடுபவரைக் காண அவருக்கு நெஞ்சு பொறுப்பதில்லை, எனினும் உதவுவதில்லை.

2004-இல் ஜிமெயில், லேபிள் என்ற பெயரில் இதையொத்த வசதியைக் கொண்டுவந்தபோது உலகம் வியந்தது, அவர் வியக்கவில்லை. 2009-இல் கார்ல் வொர்த் தொடங்கிய நாட்மச் என்ற கருவி, கோப்புறைக்குள் அடங்காமல் அஞ்சல் முழுவதற்கும் குறிச்சொல் இடும் வழியைத் திறந்தபோதுதான் கறுந்திரைக்காரர்களுக்குள் பிளவு தோன்றியது. ராமானுஜர் அவதரித்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்கு வடகலை, தென்கலை வழக்கு எவ்வளவு நாள் நீளக்கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தொகுதிக்குப் பெயர் சூட்டுவதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆங்கில எழுத்தில் தொடங்கி ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே வரலாம் என்பதால், தமிழ்ப் பெயர்களையும் அவர் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார். 'எல்லாம்', 'முதல்', 'கடைசி', 'அடுத்து' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை இயந்திரம் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. 'நாளை' என்ற பெயரை அது ஒதுக்காமல் விட்டது தற்செயலானாலும், அவரது கோப்புறையில் மிகப் பெரிய தொகுதி அதுவே. அடுத்தபடியாக 'பார்க்கணும்', அதற்கும் அடுத்தபடியாக 'அவசரம்'. ஒரு மடலை 'அவசரம்' என்ற தொகுதியில் சேர்த்த கணத்தில் அவர் முகத்தில் படரும் நிம்மதி, அந்த அவசர வேலையை முடித்தவர் முகத்தில்கூடக் காணக் கிடைக்காதது. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது பிழை. சோம்பேறி மடலைப் படிப்பதே இல்லை. இவரோ முழுதும் படித்து, உரிய பெயரிட்டு, உரிய இடத்தில் நிறுத்திவிட்டுப் பதில் மட்டும் போடாமல் இருக்கிறார். என்எம்ஹெச் இயல்பாகத் தரும் பட்டியலில், பதில் எழுதியதைக் குறித்துவைக்குமாறு பணித்திருந்தால், பதில் பெற்ற மடலின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு தோன்றும். 'அவசரம்' தொகுதியை அவர் பட்டியலிடும்போது அந்தப் பத்தி, மழை பொய்த்த ஆண்டின் செம்பரம்பாக்கம் ஏரியைப் போலக் காட்சி தரும்.

அவருக்கும் துயரம் உண்டு. 'பிக்' கட்டளை ஏற்கெனவே உள்ள தொகுதிப் பெயரைக் கொடுத்தால், பழைய உறுப்பினர்களை அகற்றிவிட்டுப் புதியவர்களை மட்டும் அமர்த்தும். பழையவர்களும் இருக்கட்டும் என்றால் 'நோஸீரோ' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகக் கையால் ஒவ்வொன்றாகச் சேர்த்த தொகுதி, மாதக் கடைசி அவசரத்தில் அந்த ஒரு சொல் விட்டுப்போனதால் மூன்றே மடல்களாகச் சுருங்கிவிடுவதுண்டு. மடல்கள் ஒன்றும் அழியவில்லை, எல்லாம் அங்கேயே இருக்கின்றன என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அன்று மாலை அவர் கம்பெனி பஸ்ஸில் யாருடனும் பேசுவதில்லை.

எந்தப் பிரிவின் அஞ்சலும் அவரிடம் இருப்பது எப்படி என்ற ஐயம் எழலாம். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், குவாலிட்டி ஆகிய குழு முகவரிகளை உருவாக்கியவர் அவரே. சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு குழுவிலும் தம் பெயரைச் சேர்த்தார். பின்னர் நீக்க மறந்துவிட்டார். ஒவ்வொரு குழுவிலும் மறந்தார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

அவருடைய மகிமை வெளிப்படும் நாள் தணிக்கை நாளாகும். வாகன உதிரிபாகத் தொழிலின் தர முறைமையாகிய ஐஏடிஎஃப் 16949-இன்படி சான்றிதழ் பெற்ற ஆலையில், சப்ளையர் தம் உற்பத்தி முறையில் செய்யும் மாற்றம் முறையாகப் பரிசீலிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தணிக்கையாளர் அதற்கான ஆதாரத்தைக் கேட்க, அரை மணி நேரம் அவுட்லுக்கைத் துழாவிய பர்ச்சேஸ் அதிகாரி சர்வர் அறைக்கு ஓடி வருகிறார். தணிக்கையாளரும் பின்னாலேயே வந்து நிற்கிறார்.

"சார், போன வருஷம் அந்த ரப்பர் வெண்டர் டை மாத்தினதா ஒரு மெயில் போட்டாரே, உங்ககிட்ட கிடைக்குமா?"

"எந்த ரப்பர்? ஓ-ரிங்கா, புஷ்ஷா?"

"புஷ் சார்."

ஒரு சொல் தட்டப்படுகிறது. மடல் திரையில் நிற்கிறது: தேதி, நேரம், வெண்டரின் கையொப்பம், மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும் என்ற கோரிக்கை, எதுவும் குறையவில்லை. பர்ச்சேஸ் அதிகாரி பெருமூச்சு விடுகிறார். தணிக்கையாளர் மெல்லக் குனிந்து, நிறுவனம் அதற்கு அளித்த பதிலையும் காட்ட முடியுமா என்று கேட்கிறார். கறுந்திரைக்காரர் தொழில் நேர்மை குன்றாதவர். அப்படி ஒரு பதில் இருந்திருந்தால் அதுவும் இந்தத் தொகுதியில்தான் இருக்கும், தொகுதியில் இருப்பது ஒரே மடல், ஆகவே பதில் அனுப்பப்படவில்லை என்பது ஐயமற்ற உண்மை என்று அவர் விளக்குகிறார். மேலும், அதே வெண்டர் அனுப்பிய இரண்டு நினைவூட்டல்கள் 'புலம்பல்' தொகுதியில் இருப்பதையும் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறார். என்சி என்று சுருக்கமாக வழங்கும் முறைப்பிறழ்வு அறிக்கை அந்த இடத்திலேயே எழுதப்படுகிறது.

இனிமேல் தணிக்கையாளர் வளாகத்தில் இருக்கும் நாட்களில் பழைய அஞ்சல் எதற்கும் கணினிப் பிரிவை அணுகக் கூடாது என்று குவாலிட்டி மேலாளர் அன்று மாலையே அனைத்துப் பிரிவுகளுக்கும் ஓர் உத்தரவை அனுப்பினார். ரெக்கார்டுக்காக அதையும் மெயிலாகவே போட்டார். அது இப்போது 'ஆடிட்' தொகுதியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு தணிக்கையாளர் கேட்டால், அந்தப் பெயரைத் தட்டியவுடன் மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் வரும்.